ஸ்டீயரிங்கை இடம் மாற்றுவது

ஹிலாரியோன், முதலில் சார்ஜ் ஏற்று.
பாதியில் அணைந்தால் அது போன் இல்லை,
செங்கல்.
எல் ஆல்டோவில் செங்கலுக்கா பஞ்சம்?
பூசாமல் நிற்கிற மாடியெல்லாம் அதுதானே.

என் போனுக்கு வயது ஆறு.
செய்த கம்பெனி அதைக் கைகழுவி நாலு வருஷம்.
போன வியாழன் சந்தையில் ஒருவன்
கார்புரேட்டரை முகர்ந்து, உலுக்கி, ஊதிப் பார்த்து,
சரி, கியூஆரில் அனுப்புகிறேன் என்றான்.
வங்கிச் செயலி திறக்கவில்லை.
‘உங்கள் பதிப்பு மிகப் பழையது’ என்றது
மரியாதையாக.
அவனும் மரியாதையாகத்தான் போனான்,
நாலு கடை தள்ளி, லூசியோவிடம்.

அன்று இரவே உட்கார்ந்துவிட்டேன்.

பூட்லோடர் என்று ஒன்று. பெயரிலேயே பூட்டு.
போன் உன்னுடையது, சாவி அவர்களுடையது.
விண்ணப்பித்தால் நூற்று அறுபத்தெட்டு மணி நேரம்
காத்திரு என்றார்கள். எதற்கென்று சொல்லவில்லை.
பெண் கேட்டு வந்தவனைக்கூட
இவ்வளவு நேரம் வாசலில் நிறுத்தமாட்டார்கள்.
ஒரு ஞாயிறு போயிற்று, ஒரு வியாழன் போயிற்று.
லூசியோ புது மேசை வாங்கினான்.

பிறகு கேபிள்.
உன் சிவப்புக் கேபிள் வேண்டாம்,
அதில் கரண்ட் போகும், பேச்சுப் போகாது.

பவர் பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும்
சேர்த்து அழுத்து. விடாதே.
குளிரில் விரல் மரத்துப்போனால்
சூடான ஆப்பி ஒரு குவளை வாங்கி
குடிக்காமல் பிடித்துக்கொண்டிரு கொஞ்ச நேரம்.
கறுப்புத் திரை வரும். அதில் ஒரு கேள்வி:
எல்லாம் அழியும், சம்மதமா?

எல்லாம் என்றால் எல்லாம்தான்.
படங்களை நகல் எடுத்து வைத்திருந்தேன்.
குரல் செய்திகளை மறந்துவிட்டேன்.
எட்வின் லாரியிலிருந்து அனுப்பியவை.
முக்கால்வாசி டயர் விலை.
ஒன்றில் மட்டும் ஏதோ முணுமுணுக்கிறான்,
கண்ணாடியில் மழை அடிக்கிறது.
ஆமாம் என்று அழுத்திய பிறகுதான்
அந்த மழை ஞாபகம் வந்தது.

ஆகவே இங்கே ஒரு படி சேர்த்துக்கொள்:
அழுத்துமுன் எழுந்து நில்,
யாரை மறந்தாய் என்று யோசி.

அப்புறம் சரியான கோப்பு.
மாடல் பெயரின் கடைசி எழுத்துவரை பார்.
ஒரே பெயர்ப் பலகை மாட்டிய இரண்டு வண்டிக்கு
ஒரே கேஸ்கெட்டா பொருந்துகிறது?

இதெல்லாம் என்ன வேலை என்றுதானே கேட்கிறாய்.
இக்கீக்கே துறைமுகத்தில் இறங்குகிற ஜப்பான் வண்டியை
நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்?
வலப்பக்கத்து ஸ்டீயரிங்கைப் பிடுங்கி
இடப்பக்கம் நடுகிறார்கள்.
டாஷ்போர்டில் ஓட்டை இருக்கும்,
வைப்பர் தப்பான பக்கம் சாயும்,
ஆனால் ஓடும்.
அந்த வேலைதான் இது.

முதல் தடவை லோகோ சுற்றியது.
சுற்றிக்கொண்டே இருந்தது.
தலைக்குமேல் கேபிள் காரின் கடைசிப் பெட்டி போய்
விளக்கு அணைந்தது.
இரண்டாம் தடவைதான் புரிந்தது,
பழசைத் துடைக்காமலே புதுசை ஏற்றியிருக்கிறேன்.
மூன்றாவதில் ‘வணக்கம், மொழியைத் தேர்ந்தெடு’ என்றது.
அய்மாரா இல்லை.
விடுதலைக்கும் ஒரு பட்டியல் உண்டு போல.
ஸ்பானியம் என்று தொட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.
ரூட் வேண்டுமென்று எனக்கு ஆசை,
எல்லா அறைக்கும் ஒரே சாவி.
அதையும் ஏற்றினேன், பத்து நிமிடம்தான்.
காலையில் வங்கிச் செயலியைத் திறந்தால்
‘இந்தக் கருவி நம்பத்தக்கதல்ல’ என்கிறது.
நேற்றுவரை கிழவி என்றது,
இன்றைக்கு அடங்காப்பிடாரி என்கிறது!

ரூட்டைக் கழற்றிவிட்டேன்.
இப்போது செயலி ஒரு நாள் திறக்கிறது,
ஒரு நாள் முறைக்கிறது.
கியூஆரைத் தாளில் அச்சடித்து
கியர்பாக்ஸில் ஒட்டியிருக்கிறேன்.
முறைக்கிற நாளில், வாங்குகிறவன் காட்டும் திரையை
நம்ப வேண்டியதுதான்.
செவ்வாயன்று ஒருவன்
போன மாதத்துத் திரையைக் காட்டிவிட்டு
இரண்டு ஸ்பார்க் பிளக்கோடு போனான்.

இருந்தாலும் சொல்கிறேன்,
வேகமாக இருக்கிறது, சூடாவதில்லை,
கேட்காத விளம்பரம் ஒன்றும் வருவதில்லை.

சரி, கொடு உன் போனை.
சார்ஜ் எவ்வளவு?
பதினொன்றா?
நான் முதலில் என்ன சொன்னேன், ஹிலாரியோன்.